படையல் கேட்காத ஆவி

பிஸ்கட் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்த செல்போனில் ஜெயலலிதா பேசிக்கொண்டிருந்தார். 2024 பிப்ரவரி மாதம், அவருடைய பிறந்தநாளை ஒட்டிய ஒரு காலை. அவர் இறந்து ஏழு வருடம் தாண்டியிருந்தது. மத்திய அரசை ஒரு பிடி, மாநில அரசை ஒரு பிடி பிடித்துவிட்டு, எடப்பாடி பழனிசாமியின் கரத்தை வலுப்படுத்தச் சொன்னார். டீக்கடை பெஞ்சில் ஆறு பேர் இருந்தோம். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஏனென்றால் சிரிப்புக்குப் பேர் போன பெஞ்சு அது. 2017இல் அமைச்சர் ஒருவர் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டு, அவர் கரையேறுவதற்குள் அவையும் கரையேறினவே, அன்றைக்கு இந்தப் பெஞ்சு கவிழ்ந்தே விட்டது. நியாயமாகப் பார்த்தால் அந்த யோசனையில் பெரிய பிழை இல்லை. நீர்த்தேக்கத்தை மூடி ஆவியாதலைக் குறைப்பது உலகத்தில் பல இடங்களில் செய்வதுதான். லாஸ் ஏஞ்சலீஸ்காரர்கள் 2015இல் ஒரு நீர்த்தேக்கத்தில் கோடிக்கணக்கான கறுப்புப் பந்துகளையே கொட்டினார்கள். நம் ஆட்கள் சறுக்கியது அறிவியலில் இல்லை, செல்லோ டேப்பில். ஆனாலும் விழுந்து விழுந்து சிரித்தோம். இரண்டாயிரம் ரூபாய் நோட்டுக்குள் சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் சாட்டிலைட் பார்த்துவிடும் என்று செய்தி வந்தபோது முதல் வாரம் நம்பினோம், இரண்டாம் வாரம் சிரித்தோம். இப்போது செத்தவர் செயற்கை நுண்ணறிவின் புண்ணியத்தில் எழுந்து வந்து ஓட்டுக் கேட்கிறார், டீ ஆறிக்கொண்டிருக்கிறது, ஆறு பேரும் வாயை மூடிக்கொண்டு கேட்கிறோம்.

கடைசியில் பேசியவர் மைக்செட்காரர். நாற்பது வருடமாக எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் குழாய் கட்டியவர். "குரல் சரிதான் தம்பி. மைதானம் இல்லை" என்றார். எனக்குப் புரியவில்லை. "அந்தம்மா பேசுனா ஒரு வார்த்தை சொல்லிட்டு நிப்பாங்க. குழாய் வழியாப் போன சத்தம் கடைசி ஆளைத் தொட்டுத் திரும்பி வர்ற வரைக்கும் நிப்பாங்க. செய்வீர்களான்னு கேட்டா, பதில் வர்ற வரைக்கும் அடுத்ததுக்குப் போக மாட்டாங்க. இது யாரு பதிலுக்கும் நிக்கல பாருங்க."

விமர்சனம் என்றால் இதுதான் விமர்சனம். நான் அதற்கு மேல் எழுதப் போவதெல்லாம் அவர் சொன்னதற்கான உரை.

ஜெயலலிதாவுக்கு ஒரு மாதம் முன்பே கருணாநிதி வந்துவிட்டார். இதிலும் போட்டிதான். 2024 ஜனவரியில் டி.ஆர். பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீட்டு விழாவில் பெரிய திரையில் தோன்றினார். கறுப்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை, மஞ்சள் துண்டு. ஏறக்குறைய எட்டு நிமிடம் பாலுவை வாழ்த்தி, மகனுடைய ஆட்சியையும் மெச்சிவிட்டுப் போனார். புத்தகத்தின் பெயர் 'பாதை மாறாப் பயணம்'. எழுதியவரோ மத்தியில் கப்பல், தரைவழிப் போக்குவரத்து, நெடுஞ்சாலை அமைச்சராக இருந்தவர். சேதுக் கால்வாய்த் திட்டத்தைக் கையில் எடுத்து, அதற்கு மாற்றுப் பாதை உண்டா என்று உச்ச நீதிமன்றமே கேட்குமளவுக்குப் போனவர். நிஜக் கருணாநிதியின் கையில் இப்படி ஒரு தலைப்பு கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கப்பல், சாலை, பாதை, பயணம் என்று நாலு வார்த்தையை வைத்துப் பாலுவையும் நெளியவைத்து, எதிர்க்கட்சியையும் குத்தி, நடுவில் தன்னையும் ஒரு கிள்ளு கிள்ளிக்கொண்டிருப்பார். அந்த மனிதரின் வாழ்த்துரையில் வாழ்த்தப்படுபவருக்கு எப்போதும் கொஞ்சம் வேர்க்கும். திரையில் வந்தவருக்கு முன்னால் யாருக்கும் வேர்க்கவில்லை.

போலித் தலைவர்கள் நமக்குப் புதிதல்ல, இதைச் சொல்லியாக வேண்டும். கட்சிக் கூட்டம் தொடங்குவதற்கு முன் கலைநிகழ்ச்சி மேடையில் தொப்பியும் கண்ணாடியுமாக ஒரு எம்.ஜி.ஆர். ஏறி வந்து ஆடாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? பகலில் பெயின்ட் அடிப்பவராகவோ கல்யாண சமையல்காரராகவோ இருப்பார். இரவில் கையை உயர்த்தி விரல்களை விரிப்பார், கிழவிகள் ஓடி வந்து கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அவர்களுக்கு அவர் எம்.ஜி.ஆர். இல்லை என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். கன்னத்து ரோஸ் பவுடர் வேர்வையில் வழிவது முதல் வரிசைக்குத் தெரியாமல் இருக்குமா. ஆனால் அந்த மேடை எம்.ஜி.ஆர். ஒரு ஒழுக்கத்தை வைத்திருந்தார். பழைய பாட்டுக்கு வாயசைப்பார், பழைய வசனத்தைச் சொல்வார், கும்பிட்டுவிட்டு இறங்கிப்போய்ப் பரோட்டா சாப்பிடுவார். நிஜ எம்.ஜி.ஆர். சொல்லாத ஒரு புது வாக்கியத்தை அவர் சொன்னதில்லை. யாருக்கு ஓட்டு என்று அவராகச் சொல்ல ஆரம்பித்திருந்தால் மறுநாள் தொப்பியைப் பிடுங்கியிருப்பார்கள். இயந்திரம் அந்த ஒழுக்கத்தைத்தான் முதலில் தூக்கிப் போட்டது.

எம்.ஜி.ஆர். என்றதும் அவருடைய குரல் ஞாபகம் வருகிறது, குரலைவிட அந்தக் குழறல். 1967 ஜனவரி 12ஆம் தேதி எம்.ஆர். ராதா சுட்ட குண்டு அவர் கழுத்தில் பாய்ந்தது. அடுத்த மாதம் தேர்தல். கழுத்தில் கட்டுடன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்த படம் சுவரொட்டியாகி ஊர் ஊராக ஒட்டப்பட்டது. பிரச்சாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் ஜெயித்தார். அதற்குப் பிறகு அவர் பேச்சு தெளிவாக வரவில்லை. படங்களிலும் அப்படியே பேசினார். ஜனங்கள் அந்தக் குழறலோடு சேர்த்தே அவரை எடுத்துக்கொண்டார்கள். இன்னும் சொன்னால், இந்த மனுசன் நமக்காகக் கஷ்டப்பட்டுப் பேசுகிறார் என்று ஒரு படி மேலே வைத்தார்கள்.

அது போதாது என்று 1984இல் பக்கவாதம். பேச்சு இன்னும் போயிற்று. நியூயார்க்கின் புரூக்ளின் மருத்துவமனையில் அவர் இருக்க, இங்கே சட்டமன்றத் தேர்தல் வந்தது. ஆள் உயிரோடு இருக்கிறாரா என்றே கேள்வி. அப்போது அவருடைய கட்சிக்காரர்கள் அன்றைய புதுத் தொழில்நுட்பமான வீடியோவைப் பிடித்தார்கள். அவர் மருத்துவமனையில் இருப்பதைப் படமெடுத்து வந்து தமிழ்நாடு முழுக்கப் போட்டுக் காட்டினார்கள். எங்கள் தெருவிலும் வாடகை டிவி ஒன்றை மாட்டுவண்டியில் ஏற்றிவைத்துப் போட்டார்கள். நான் ஆரம்பப் பள்ளிக்கூடப் பையன், அப்பா தோளில் இருந்து பார்த்தேன். படத்தில் கதை கிடையாது, சண்டை கிடையாது. எனக்கு ஏமாற்றம். ஆனால் பக்கத்தில் நின்ற பாட்டி ஒருத்தி, "சாப்பிடுதாரு தாயி, நல்லாச் சாப்பிடுதாரு" என்று இன்னொருத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதது இன்றைக்கும் காதில் இருக்கிறது. ஆண்டிபட்டிக்கு வராமலேயே ஜெயித்தார், கட்சிக்கு 132 இடம். ஒரு கவளம் சோற்றை வாய்க்குக் கொண்டுபோனதற்கு இவ்வளவு ஓட்டு விழுந்தது உலகத்திலேயே இங்கேதான் இருக்கும். அந்த வீடியோவும் பிரச்சாரம்தான், அரசியல் கணக்குதான். ஆனால் படத்தில் நடுங்கிய கை அவருடைய கை.

கருணாநிதிக்கும் கடைசியில் குரல் போயிற்று. மூச்சுவிடத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தது 2016 டிசம்பரில். எழுபது வருடம் பேசிப் பேசியே கட்சி வளர்த்தவர், அதற்குப் பிறகு 2018 ஆகஸ்ட் 7ஆம் தேதி இறக்கும்வரை அநேகமாகப் பேசவில்லை. அவர் இறந்த அன்று மகன் ஒரு கடிதம் வெளியிட்டார். இத்தனை வருடம் தலைவரே என்றே கூப்பிட்டேனே, இப்போதாவது ஒருமுறை அப்பா என்று கூப்பிட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டு. அரசியல்வாதிகள் எழுதியதில் நான் இரண்டாம் முறை படித்தவை குறைவு. அதை இரண்டு முறை படித்தேன். பதில் வராது என்று தெரிந்து கேட்ட கேள்வி அது, அதன் கனமே அதில்தான் இருந்தது. ஐந்தரை வருடம் கழித்து இயந்திரம் பதில் சொல்லிவிட்டது: ஆட்சி நன்றாக நடக்கிறது.

ஜெயலலிதாவின் நிஜமான கடைசிக் குரல் எது என்று தேடினால் அதுவும் இருக்கிறது. அவருடைய மரணத்தை விசாரித்த ஆறுமுகசாமி ஆணையம் 2018 மே மாதம் வெளியிட்ட ஒலிப்பதிவு. 2016 செப்டம்பரில் அப்பல்லோவில் எடுத்தது, சின்னப் பதிவுதான். இருமல். மூச்சு இழுக்கிறது. தன் நெஞ்சுக்குள் கேட்கும் அந்தச் சத்தம் தியேட்டரில் முன்வரிசை ரசிகன் அடிக்கிற விசில் மாதிரி இருக்கிறது என்கிறார். ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்கிறார். நூற்று நாற்பதுக்கு எண்பது என்றதும், அது தனக்கு நார்மல்தான் என்கிறார். எனக்கு அவருடைய ஆட்சியின் மீது ஆயிரம் மனத்தாங்கல் உண்டு. ஆனால் மூச்சு முட்டும்போது சினிமாக் கொட்டகையின் முன்வரிசையை நினைத்துக்கொண்ட அந்தப் பெண்மணியை அந்த ஒரு விநாடி பிடித்துப்போயிற்று. எந்த இயந்திரத்திடம் எத்தனை மணிநேரப் பேச்சைக் கொட்டினாலும் அந்த உவமை வராது. வந்தாலும் கட்சி அலுவலகத்தில் வெட்டிவிடுவார்கள்.

அதிலும் பழனிசாமியின் கரம் விஷயம். உயிரோடு இருந்த ஜெயலலிதா மேடையில் இரண்டாம் வரிசைத் தலைவர் ஒருவரைப் புகழ்ந்து கேட்டவர் கையைத் தூக்கலாம். அமைச்சர்களில் நாளைக்கு யார் அமைச்சர் என்பது நாளைக்குத்தான் தெரியும். ஹெலிகாப்டர் வானத்தில் இருக்கும்போதே தரையில் இடுப்பு வளைந்துவிடும். அப்பேர்ப்பட்டவரை, ஒரு வாரிசுச் சான்றிதழில் கையெழுத்துப் போடும் தாசில்தாராக ஆக்கிவிட்டார்கள்.

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். எனக்கு இறந்தவர்கள் பேசுவதில் நம்பிக்கை உண்டா இல்லையா என்பதைவிட, அனுபவம் உண்டு என்பதே சரி.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோயில் கொடை. நள்ளிரவு தாண்டி மேளம் ஏறியதும் அத்தை மீது தாத்தா இறங்கினார். தாத்தா செத்து நான்கு வருடம். அத்தை தலைமுடி அவிழ, உறுமியபடி முன்னால் வந்து கேட்ட முதல் கேள்வி: "கெணத்துப் பங்க யாரக் கேட்டுல வித்திய?"

கூட்டம் கப்சிப். சித்தப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கிணற்றில் தாத்தாவுக்கு இருந்த நாலில் ஒரு பங்கை அவர் அடுத்த காட்டுக்காரருக்கு முந்தின தையில்தான் கிரயம் செய்து கொடுத்திருந்தார், அத்தைக்குச் சொல்லவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் வழக்கப்படி சோதித்தார். வந்திருப்பது இன்னார்தான் என்பதற்கு அடையாளம் சொல்லச் சொன்னார். அத்தை, அதாவது தாத்தா, சுருட்டு கேட்டார். எந்தக் கடைச் சுருட்டு என்றும் சொன்னார். வாங்கிக் கொடுத்ததை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, மூத்த மகனைப் பார்த்து, "நீ வருசத்துக்கு ஒருக்க வாரதுக்கு வராமலே இருந்துக்கோ" என்றார். பேரப்பிள்ளைகளில் ஒருத்தருக்குக்கூட ஆசீர்வாதம் இல்லை. திவசத்துக்கு வைத்த கறியில் உப்பில்லை என்பதையும் மறக்காமல் சொல்லிவிட்டு மலையேறினார்.

அது தாத்தாவா, பங்கு கிடைக்காத அத்தையா என்று அப்போதே எங்களுக்குள் இரண்டு கட்சி. அது இருக்கட்டும். நான் கவனித்தது, எங்கள் பக்கத்தில் இறந்தவர்கள் வந்தால் குறை சொல்லத்தான் வருவார்கள் என்பதை. குறை இருப்பதால்தான் வருகிறார்கள். படையல் போடவில்லை, எல்லைக்கல்லை நகர்த்திவிட்டாய், என் பெண்டாட்டியைப் பட்டினி போட்டாய். வந்து இறங்கியவர் வாரிசுகளைப் பார்த்து, நீங்கள் எல்லோரும் மிகச் சிறப்பாக நடந்துகொள்கிறீர்கள், இப்படியே தொடருங்கள் என்றால் கோடாங்கிக்கே சந்தேகம் வந்துவிடும். வேப்பிலையை எடுத்து நாலு சாத்து சாத்தி, யார் நீ என்று கேட்பார்.

இந்த அளவுகோலை வைத்துப் பாருங்கள். இயந்திரத்தில் வந்து இறங்கிய தலைவர்கள் இருவரும் சொந்தக் கட்சியைப் பற்றி ஒரு குறை சொன்னதாகக் கேள்விப்படவில்லை. ஜெயலலிதா தான் போன பிறகு கட்சி எத்தனை துண்டானது என்று கேட்கவில்லை. தன் வீடான வேதா நிலையத்தை நினைவில்லமாக்க ஒரு அரசு எடுத்துக்கொண்டதையும் நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னதையும் கேட்கவில்லை. எழுபத்தைந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது நான் இட்லி சாப்பிட்டேன் என்று சொன்னது யார், அப்புறம் அது பொய் என்று மேடையில் சொன்னது யார் என்று கேட்கவில்லை. நானாக இருந்தால் முதலில் இட்லியைத்தான் கேட்டிருப்பேன்.

இதற்கு நேர் எதிரான வேடிக்கையும் இங்கே நடந்திருக்கிறது. 2023 ஏப்ரலில் அன்றைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பேசியதாகச் சொல்லி ஒலிப்பதிவுகள் வெளியாயின. சொந்தக் கட்சித் தலைமைக் குடும்பத்தைக் குறை சொல்வதாக இருந்தன. அவர் மறுத்தார், ஜோடிக்கப்பட்டவை என்றார், இன்றைய தொழில்நுட்பத்தில் இதெல்லாம் சாத்தியம் என்றார். எது உண்மை என்பதைத் தீர்ப்பது என் வேலை இல்லை. மே மாதம் அவரிடமிருந்து நிதித்துறை போய்த் தகவல் தொழில்நுட்பத் துறை வந்தது. அந்த நகைச்சுவையை நான் எழுதியிருந்தால் ஆசிரியர் செயற்கையாக இருக்கிறது என்று அடித்திருப்பார். டீக்கடை பெஞ்சு இதிலிருந்து ஒரு விதியையே கண்டுபிடித்துவிட்டது: புகழ்ந்தால் தலைவர் குரல், திட்டினால் கம்ப்யூட்டர் குரல்.

தேர்தல் ஆணையமும் சும்மா இருக்கவில்லை. 2024 மே மாதம், பாதித் தேர்தல் முடியப்போகும் நேரத்தில், இப்படிப்பட்ட போலிப் பதிவுகள் கட்சிகளின் கவனத்துக்கு வந்தால் மூன்று மணிநேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. மூன்று மணிநேரத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் குழுவுக்குள் வந்த ஒரு வீடியோ துபாய் போய், சிங்கப்பூர் போய், 'உண்மையா என்று தெரியவில்லை' என்ற அடிக்குறிப்போடு மறுபடி எங்களுக்கே வந்துவிடும். தவிர, தலைவரைப் பேச வைத்தது தலைவரின் கட்சியே என்றால் யார் போய்ப் புகார் கொடுப்பது? பாதிக்கப்பட்டவர் மெரினாவில் இருக்கிறார்.

போன மாதம் அண்ணன் மகன் ஊருக்கு வந்திருந்தான். கோயம்புத்தூரில் என்ஜினியரிங் படிக்கிறான். பழைய கல்யாண வீடியோ கேசட் ஒன்றை சிடியாக்கி வைத்திருந்தோம், அதில் தாத்தா பந்தியில் நின்று யாரையோ திட்டுவது நாற்பது விநாடி இருந்தது. அவ்வளவு போதும் என்றான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் உட்காரவைத்து போனை நடுவில் வைத்தான். தாத்தாவின் குரல், அதே கரகரப்பு. "எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா? உங்களை எல்லாம் பார்க்க எனக்கு ரொம்பப் பெருமையா இருக்கு."

அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். எனக்கே தொண்டை அடைத்தது, பொய் சொல்லவில்லை. அத்தைக்கு இப்போது எண்பத்திரண்டு வயது, சாமி வருவது நின்றுவிட்டது. வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"கெணத்தப் பத்திக் கேளு" என்றார்.

பையன் தட்டினான். ஒரு நிமிடம் சுற்றியது. பிறகு தாத்தா சொன்னார்: "கிணறு நம் முன்னோர்களின் சொத்து. சின்னச் சின்ன விஷயங்களுக்காகச் சண்டை போடாம, எல்லாரும் ஒத்துமையா இருக்கணும்."

அத்தை போனையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சித்தப்பாவின் பக்கம் திரும்பிவிட்டுப் பையனிடம் குரலைத் தாழ்த்தினார்.

"ஏல, இத நீயாப் பேச வச்சியா, இல்ல ஒன் சின்னத் தாத்தன் பேச வச்சானா?"